முன்னால் அம்மா, கடைசியில் பையன்

பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், புல்னாவோடு ஜீப் பாதை முடிந்துவிடும். அதற்குமேல் நடை, அல்லது குதிரை. அந்த இடத்தில், தேநீர்க்கடைக்கு எதிரே இருந்த கல்திட்டின்மேல் ஒரு குடும்பம் தன் பைகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டியிருந்தது. ஸ்வெட்டர்கள், மழைக்கோட்டுகள், ஒரு எவர்சில்வர் சம்புடம், ரப்பர் வளையம் போட்ட மாத்திரைப் பட்டைகள், சுருட்டி அமுக்கிய ஒரு தலையணை. கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பையன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையாலேயே எடைபோட்டு இரண்டு பைகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, அந்தத் தலகாணி எதுக்குலே?”

“அத்தைக்குப்பா. அது இல்லன்னா உறக்கம் வராதும்பாவ.”

“அப்ப வய்யி. எம் புஸ்தகத்த எடுத்து இந்தக் கடைக்காரர்ட்ட குடுத்துரு. திரும்பி வாரப்ப வாங்கிக்கிடலாம்.”

திருநெல்வேலி. சந்தேகமே இல்லை. கோவிந்த்காட்டிலிருந்து 4 கிலோமீட்டர் ஜீப்பில் குலுங்கி வந்து இறங்கிய இடத்தில் ஒரு ‘ஏலே’ காதில் விழுந்தால் யாருக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றும். நான் திரும்பவில்லை. காதுவரை இழுத்துவிட்ட குல்லாவோடு உட்கார்ந்திருந்த என்னை அவர்கள் வடக்கத்தி ஆள் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அது வசதியாகப் போயிற்று. ஊர்க்காரன் என்று தெரிந்துவிட்டால் பேச்சே மாறிவிடும். எந்தத் தெரு, யார் மகன், எங்கே வேலை என்று தொடங்கி, பார்க்க வந்ததைப் பார்க்கவிடாது. எனக்கும் நடையில் அவசரம் கிடையாது. அவர்களுக்குக் கொஞ்சம் பின்னாலோ முன்னாலோ, ஒரே கடைகளில் உட்கார்ந்து எழுந்து, பூக்களின் பள்ளத்தாக்கு வரைக்கும் போனேன்.

ஐந்து பேர். அப்பாவுக்கு 55 வயதிருக்கலாம். இடது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியது. பேண்ட்டுக்குள் காலிப்பர், இருபுறமும் இரும்புப் பட்டை, முட்டியில் பூட்டு. அம்மா கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் நீ கேப், இரண்டு கையிலும் கம்பு. பள்ளிக்கூடம் படிக்கும் மகளுக்கு வீசிங். அப்பாவின் அக்கா ஒருவர், நரைத்த கொண்டையும் ஸ்வெட்டருக்கு மேல் இழுத்துச் செருகிய சேலையுமாக. சர்க்கரை உண்டு, பயமும் உண்டு. இந்த நால்வரோடு, ஒரு குறையும் இல்லாத அந்தப் பையன். போகப் போகத்தான் தெரிந்தது, இவர்களில் பயணத்துக்குப் பழக்கவேண்டியிருந்த ஆள் அவன்தான் என்று.

மருந்துகளை அம்மா இரண்டு பங்காகப் பிரித்தார். ஒன்று குதிரையில் போகும் பையில். ஒன்று தன் தோள்பையில். “குதிரைக்காரன் முன்னால போயிட்டாம்னா மாத்திரைக்கு எங்கன போயி நிக்க?” என்றார். மகளின் இன்ஹேலர் எந்தப் பைக்கும் போகவில்லை. சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூடு படுகிற இடத்தில் அவளே வைத்துக்கொண்டாள். குளிரில் கிடந்த இன்ஹேலர் சரியாகப் பீய்ச்சாது. இது தெரியாமல் பையின் வெளிப்பக்க அறையில் செருகிக்கொண்டு மலையேறுகிறவர்கள் நிறைய.

குதிரை என்று எல்லோரும் சொன்னாலும் அது கோவேறு கழுதைதான். வழக்கமாக இடது காலைச் சேணத்து வளையத்தில் ஊன்றி ஏறுவார்கள். அப்பாவுக்கு ஊன்ற முடியாத கால் அதுதான். குதிரைக்காரர் இன்னொருவரையும் கூப்பிட்டு அவரை அலாக்காகத் தூக்கி வைக்கப் பார்த்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார். கல்திட்டைக் காட்டி, இங்கே கொண்டுவந்து நிறுத்து என்று சைகை செய்தார். திட்டின்மேல் நின்று, பூட்டிய காலிப்பரைத் தூணாக ஊன்றிக்கொண்டு, வலது காலை அந்தப் பக்கம் வீசி உட்கார்ந்தார். பிறகு முட்டியருகே இருந்த வளையத்தை மேலே தூக்க, டக்கென்று கால் மடங்கியது. அது சேணத்து வளையத்தில் நிற்காமல் தொங்கியது. குதிரைக்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தபோது, “கட்டாத, கட்டாத! விழுந்தா இழுத்துட்டுப் போயிரும்” என்று அப்பா தமிழிலேயே சொன்னார். குதிரைக்காரருக்கும் புரிந்தது. எத்தனையோ பேருந்துப் படிகளிலும் திண்ணைகளிலும் பழகிய உடம்பு அது. எங்கே ஊன்றுவது, எதைப் பிடிப்பது என்பதை அதற்கு மலை புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தையும் இன்னொரு குதிரையில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். நடக்கிற மூன்று பேருக்கு வரிசை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. முன்னால் அம்மா. நடுவில் மகள். கடைசியில் பையன்.

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெதுவாக நடப்பவரைப் பின்னால் விட்டால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்கு அதே பாதையில் வேறு கூட்டங்களில் பார்த்தேன். முன்னால் போனவர்கள் ஒரு திருப்பத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா? கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு கிடைக்கும், தேவைப்பட்டவருக்குக் கிடைக்காது. இங்கே அம்மா நின்றால் எல்லோரும் நின்றார்கள். அம்மா கிளம்பினால்தான் கிளம்பினார்கள். யாரும் அவரை “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று தள்ளவில்லை.

ஆனால் பையன்! அவன் கால்கள் சும்மா இருக்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் ஓடினான். இரண்டு தடவையும் தங்கச்சி கூப்பிட்டாள். பாதையோரக் கைப்பிடிச் சுவரில் ஏறி நடந்தான். போட்டோ எடுத்தான். அலுத்துப்போய்க் கைகட்டி நின்றான். அப்புறம், வேறு வழியில்லாமல், பார்க்கத் தொடங்கினான். கீழே லட்சுமண கங்கை வெள்ளை நுரையாக இரைந்துகொண்டு போயிற்று. நடு ஆற்றில் ஒரு பாறையின்மேல் சாம்பல் நீலத்தில் ஒரு குருவி உட்கார்ந்து, செம்பழுப்பு வாலை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. “ஏட்டி, அங்கன பாரு, அங்கன... அந்த ரெண்டாவது கல்லு” என்று தங்கச்சிக்குக் காட்ட அவனுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. அதற்குள் எங்களைத் தாண்டிப் போன இளைஞர் கூட்டம் ஒன்றில் யாரும் அந்த ஆற்றைக் குனிந்து பார்க்கவில்லை.

புல்னாவிலிருந்து, இரவு தங்கவேண்டிய கங்கரியா ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஏறவேண்டிய உயரமோ 1,000 மீட்டரை ஒட்டி வரும். கல் பாவிய பாதை. மழைக்காலத்தில் அதன்மேல் குதிரைச் சாணியும் சேறும். 2013 வெள்ளத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய பாதையும் பாலங்களும் போய்விட்டன. இப்போது நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு போட்டது. போகிறவர்களில் பாதிக்கு மேல் ஹேம்குண்ட் சாகிப்புக்குப் போகும் சீக்கிய யாத்ரிகர்கள். கைக்குழந்தையோடு வருகிறார்கள், வெறுங்காலோடு வருகிறார்கள், எண்பது வயதில் வருகிறார்கள். அந்தப் பாதையில் நொண்டுவது ஒரு காட்சியே அல்ல. அங்கே கண்ணை விரித்துப் பார்ப்பவர்கள் நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள்தான்.

பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. “கிரேட், அங்கிள்!” என்று ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொருவர் நின்று செல்ஃபி கேட்டார். மூன்றாவது ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா குதிரைமேல் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டுப் பையனிடம் சொன்னார்: “குதிரைல்லா ஏறுது! அதுக்குச் சொல்லாம எனக்குச் சொல்லுதானுவ.”

அம்மாவுக்குக் கிடைத்தது வேறு வகை. பிஸ்கட் வாங்க நின்ற இடத்தில் ஒரு கனவான், இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏன் வந்தீர்கள், பத்ரிநாத்துக்குக் காரிலேயே போயிருக்கலாமே என்று ஆங்கிலத்தில் அக்கறைப்பட்டார். மகள் அதைத் தமிழில் சொன்னாள். அம்மா தண்ணீர் குடித்து முடித்து, மூடியைத் திருகி, அப்புறம் சொன்னார்: “கார்ல போறதுக்கு நம்ம பாவநாசம் போதும்னு சொல்லு.” மகள் அதை அந்தக் கனவானுக்கு மொழிபெயர்க்கவில்லை. சிரித்துவைத்தாள்.

அந்தக் கடையில்தான், நான் அந்தப் பாதையில் கண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சந்திப்பு நடந்தது. நீல பிளாஸ்டிக் கூரை, மாகியும் பராத்தாவும் வேகிற புகை, ஒரே ஒரு நீள பெஞ்சு. அதில் ஒரு சீக்கியப் பாட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அம்மா உட்கார்ந்து, கையை முட்டியில் வைத்து, “அம்மாடி” என்றார். பாட்டி திரும்பிப் பார்த்தார். தன் சல்வாரை ஒரு பக்கம் உயர்த்தி, உள்ளே கட்டியிருந்த அதே மாதிரி நீ கேப்பைக் காட்டினார். அம்மா தன்னுடையதைத் தட்டிக் காட்டினார். பாட்டி ஒரு விரலை உயர்த்தி வலது முட்டி என்றார். அம்மா இரண்டு விரலைக் காட்டினார். பாட்டி உதட்டைப் பிதுக்கி, நீ என்னைவிட மோசம் என்பதாகத் தலையாட்ட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். பாட்டி பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அம்மா சம்புடத்தைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தைக் கொடுத்தார். பாட்டி அதைக் கடிக்க முடியாமல் கடித்து, பல்லைக் காட்டி, அங்கேயும் சிக்கல் என்று சைகை செய்தார். மறுபடியும் சிரிப்பு. ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டி எழுந்து “வாஹே குரு” என்றபோது அம்மா “முருகா” என்று பதில் சொன்னார். அது அந்த இடத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

பியூந்தார் கிராமத்தில் குதிரைகள் இரண்டும் காத்திருந்தன. நேரே கங்கரியாவுக்குப் போய்விட்டால் குதிரைக்காரர்களுக்கு அன்றைக்கே இன்னொரு நடை கிடைக்கும், அதனால் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருப்பதற்குத் தனிப் பணம் என்று அப்பா காலையிலேயே பேசி வைத்திருந்தார். பணத்தை எங்கே செலவழிப்பது என்பதில் அந்தக் குடும்பத்துக்குத் தெளிவு இருந்தது. தங்கிய அறை மலிவானது, சாப்பாடு சாதாரணம். நேரத்துக்குத்தான் காசு கொடுத்தார்கள்.

பியூந்தாரைத் தாண்டி ஆற்றைக் கடந்தபின் கடைசி 3 கிலோமீட்டர் செங்குத்து. இங்கேதான் பாதை கேலி செய்வதை நிறுத்திவிட்டு நிஜமாகவே கேள்வி கேட்கிறது. அம்மா ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே கல்லில் கொண்டுவந்து சேர்த்து, மூச்சு ஒன்று விட்டு, அடுத்த கல்லுக்குப் போனார். வேகமும் மாறவில்லை, முகமும் மாறவில்லை. மகளுக்கு நெஞ்சில் சீட்டி அடிக்கத் தொடங்கியதும் அவளே கையை உயர்த்தினாள். உட்கார்ந்து, இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, மறுபடியும். யாரும் பதறவில்லை, யாரும் “என்னாச்சு, என்னாச்சு” என்று சூழ்ந்து நிற்கவில்லை. பையன் அவள் பையை வாங்கித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டான். முதுகில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை.

கங்கரியா 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் 70 விழுக்காடு அளவுதான் அங்கே. காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட குடும்பம் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தை நெருங்கிவிட்டது. எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் குளித்துச் சாப்பிட்டு, போர்வைக்குள் தலைவலி என்று படுத்திருந்தார்கள். அத்தை மட்டும் குதிரையிலிருந்து இறங்கி, “இன்னும் கொஞ்சம் ஏறுமோ?” என்று கேட்டார். வழியில் எங்கேயோ அவர் பயம் இறங்கிப்போயிருந்தது.

நானும் அவர்களும் ஒரே விடுதி. ராத்திரி அடுப்பங்கரையில் எல்லோரும் குளிர்காயும்போது அப்பா காலிப்பரைக் கழற்றினார். மழையில் ஊறிய தோல்வார்கள் கறுத்திருந்தன. வார் பட்ட இடத்தில் கெண்டைக்காலில் சிவந்த தடம். அத்தை, தம்பியின் காலை மடியில் தூக்கி வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். அந்தக் கைக்கு அது அரை நூற்றாண்டுப் பழக்கம் போலத் தெரிந்தது. பையன் வார்களை அடுப்புக்குப் பக்கத்தில், ஆனால் சூட்டில் சுருங்கிவிடாத தூரத்தில், காயப்போட்டான்.

“நாளைக்கு நான் நடக்கேன்” என்றார் அப்பா.

“நாளைக்கு நீங்க நடக்கல” என்றார் அம்மா.

“டாக்டர் சொன்னாருல்லா, வலிக்கதுக்கு முன்னாலயே உக்காரணும்னு” என்றாள் மகள்.

அந்த டாக்டர் சொன்னது சரி. இளம்பிள்ளை வாதத்தில் தப்பியவர்களில் பலருக்கு இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் புதிதாகத் தசைச் சோர்வு வரும். நோயில் செத்த நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்துச் செய்துவந்த மிச்ச அணுக்கள் ஒரு கட்டத்தில் களைத்துவிடுகின்றன. அப்படிப்பட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் பலம் ஏறாது, இருப்பதும் கரையும். ‘மனம் இருந்தால் மலையும் கடுகு’ என்கிற நம் மேடைப் பேச்செல்லாம் இவருக்குக் கெடுதல். போலியோ ஒழிந்துவிட்டதாக 2014இல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. அதற்கு முன்னால் பிடிபட்டவர்கள் இன்னும் ஐம்பதிலும் அறுபதிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போதுதான் இந்த இரண்டாவது கணக்கு வருகிறது.

மறுநாள் மழை. விடிந்ததிலிருந்து விடாத மழை. மற்ற கூட்டங்கள் எல்லாம் போயின; அவர்களுக்கு அன்றைக்குப் பள்ளத்தாக்கு, அடுத்த நாள் ஹேம்குண்ட், அதற்கடுத்த நாள் ரிஷிகேஷ் பேருந்து. சாயங்காலம் நனைந்த கோழிகளாகத் திரும்பி வந்து, மேகம்தான் தெரிந்தது என்றார்கள். திருநெல்வேலிக் குடும்பம் கட்டிலில் சம்மணமிட்டு நாள் முழுக்கச் சீட்டு விளையாடியது. ‘கழுதை’ ஆட்டம். அத்தை இரண்டு முறை கழுதையானார். மூன்றாவது முறை சீட்டை ஒளித்து வைத்துப் பிடிபட்டார். “காலுக்கு லீவு” என்று அப்பா சுவரில் சாய்ந்து படுத்துக்கொண்டார். இந்த நாள் அவர்கள் திட்டத்திலேயே இருந்தது. எதற்கென்று தெரியாமல், எதற்காவது தேவைப்படும் என்று வைத்திருந்த நாள்.

அதற்கடுத்த காலை வானம் வெளுத்தது. பள்ளத்தாக்குக்குள் குதிரைக்கு அனுமதி கிடையாது. நடக்க முடியாதவர்களுக்குக் கண்டி. நாற்காலி போல ஒரு பிரம்புக் கூடை. நேபாளத்திலிருந்து வரும் ஆட்கள் அதை முதுகில் கட்டி, பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். உட்காருகிறவர் பின்பக்கம் பார்த்தபடி போகவேண்டும்.

அத்தை மாட்டேன் என்றுவிட்டார். “மனுசன் முதுகுல மனுசி ஏறுததா? நான் இங்கனயே இருக்கேன்.”

“கூலி குடுக்கோம்லா அக்கா.”

“கூலி குடுத்தா பாவம் போயிருமாடா?”

அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பையன் தன் அரைகுறை இந்தியில் அந்தச் சுமைக்காரரிடமே கேட்டான். அவருக்கு 30 வயதுக்குள்தான் இருக்கும். அவர் சுற்றி வளைக்கவில்லை. மழையால் நேற்று யாரும் ஏறவில்லை, நேற்றுக் கூலியும் இல்லை. வருஷத்தில் சில மாதம்தான் இந்த வேலை. ஏறுகிறவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் போதும் என்றார். அத்தை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு இடுப்புப் பையை அவிழ்த்தார், கைப்பையைக் கொடுத்தார், சம்புடத்தை எடுத்துப் பையனிடம் நீட்டினார். “இது ஒரு கிலோ இருக்கும்லா. நீ தூக்கிட்டு வா.” கழுத்துச் சங்கிலியைக்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பாவம் போகவில்லை, ஒரு கிலோ குறைந்தது.

அப்பாவும் ஒரு கண்டியில் ஏறினார். சுமைக்காரர்கள் வேகக்காரர்கள்தான், ஆனால் அடிக்கடி கையிலிருந்த கம்பைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுவார்கள். அம்மாவின் நடைக்கும் அதற்கும் கணக்குச் சரியாகப் போயிற்று. புஷ்பாவதி ஆற்றின் பாலம் தாண்டி, பூர்ஜ மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து ஏற, அப்பா பின்பக்கம் பார்த்தபடி மேலே. அம்மா அவரைப் பார்த்தபடி கீழே.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இவ்வளவு நேரம் ஒம் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்ததில்ல, பாத்துக்க.”

“நல்லா பாத்துக்கிடுங்க. வேர்த்து வடியுது.”

1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத்தும் கூட்டாளிகளும் மழைக்குத் தப்பி இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி, கால் வைத்த இடமெல்லாம் பூவாக இருக்கக் கண்டு திகைத்துப்போன கதையை அப்பா கூடையில் இருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்மைத் பின்னால் திரும்பி வந்து தங்கி, 1938இல் எழுதி வெளியிட்ட புத்தகம்தான் இந்த இடத்துக்குப் பெயரையே கொடுத்தது. “புஸ்தகம் புல்னாக் கடைல கெடக்கு. கத எனக்குத் தெரியும்” என்றார். தலையணைக்கு இடம் விட்டது அந்தப் புத்தகம்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பள்ளத்தாக்கின் வாசலில் அவர் இறங்கி, பூட்டை மாட்டி, இரண்டு கம்பையும் வாங்கிக்கொண்டார். சமமான பாதையில் நடந்தார். எவ்வளவு தூரம் என்று அளக்க எனக்கு மனமில்லை. அவருக்கு வேண்டிய அளவு நடந்தார். வலிப்பதற்கு முன்னால் ஒரு பாறையில் உட்கார்ந்தார். எதிரே மலைச்சரிவு முழுக்க இளஞ்சிவப்பு. 500க்கும் மேற்பட்ட பூச்செடி வகைகள் உள்ள இடம். ஆனாலும் ஆகஸ்டில் கண்ணை முட்டுவது ஆளுயரம் வளர்ந்த அந்த ஒரு செடிதான்.

“இது நம்ம காசித்தும்பைல்லா!” என்றார் அத்தை.

அத்தை சொன்னதில் பிழையில்லை. வாசலில் நாம் வளர்க்கும் காசித்தும்பையின் இனம்தான் அது. அண்ணன் தம்பி முறை. முற்றிய காய் ஒன்றை அத்தை விரல்நுனியால் தொட்டார். பட்டென்று வெடித்து விதை தெறித்தது. ‘ஹா!’ என்றார். இன்னொன்று. இன்னொன்று. பள்ளத்தாக்கின் உள்ளே போக அவருக்கு ஆசையே இல்லை. 1982இல் தேசியப் பூங்காவாகி, 2005இல் உலக மரபுச் சின்னமான ஓர் இடத்தில், அறுபத்தைந்து தாண்டிய ஒரு பெண் பாதையோரம் குந்தி உட்கார்ந்து காசித்தும்பைக் காயை வெடிக்கவிட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுமந்து வந்தவரும் பக்கத்தில் குந்தி, முந்திரிக்கொத்தைக் கடித்தபடி, நன்றாக முற்றிய காய்களைத் தேடிக் காட்டினார்.

இன்னும் உள்ளே போனால் ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1939இல் செடி சேகரிக்க வந்து, பாறையில் வழுக்கி விழுந்து இறந்தவர். மகளுக்கு அதைப் பார்க்கவேண்டும் என்று முதல் நாளிலிருந்து ஆசை. மணி பன்னிரண்டேகால். ஒரு மணிக்குத் திரும்புவது என்று பேச்சு. அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “எனக்கு இழுக்கு. நீ போயி போட்டோ எடுத்துட்டு வா” என்று அண்ணனிடம் சொன்னாள். அதில் அழுகை இல்லை, தியாகமும் இல்லை. பேருந்தில் இடம் இல்லை, அடுத்ததில் வருகிறேன் என்கிற குரல்.

அப்பா பையனைப் பார்த்தார். “பைய எல்லாத்தையும் இங்கன வச்சிரு. போ. ஒன்னே முக்காலுக்கு இங்கன நிக்கணும்.”

அவன் ஒரு நொடி நம்பவில்லை. பிறகு ஓடினான். மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த ஓட்டம் முழுவதையும் ஓடினான். பூக்களுக்கு மேல் தலை மட்டும் தெரிய, வளைவில் மறைந்தான். நான்கு பேரின் குறையை மட்டும் கணக்கில் எடுத்து அவன் பலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த வருடம் அவன் வரமாட்டான். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. ஒன்று நாற்பதுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். கல்லறைக்கல்லின் எழுத்தெல்லாம் தெரிகிற மாதிரி எடுத்திருந்தான். மகள் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

இறங்கும்போது அம்மாவின் கம்புகளை அவன் ஒரு விரற்கடை நீட்டிக் கொடுத்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில்தான் முட்டிக்கு அடி. அம்மா பக்கவாட்டில் திரும்பி, நண்டு போல, ஒவ்வொரு கல்லாக இறங்கினார். நேரமானது. ஆகட்டும் என்று இருந்தார்கள். ஐந்து மணிக்குள் பூங்காவைவிட்டு வெளியேற வேண்டும் என்பது வனத்துறை விதி. நாலரைக்கே வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

ஹேம்குண்டுக்கு அவர்கள் போகவில்லை. அது 4,300 மீட்டருக்கு மேல். ஏரிக்கரையில் குருத்துவாராவுக்குப் பக்கத்திலேயே லட்சுமணன் கோயில் ஒன்று இருக்கிறது என்று விடுதிக்காரர் சொன்னதும் அத்தை நிமிர்ந்தார். அப்பா மகளைக் காட்டி, தன் காலைக் காட்டி, உயரத்தைச் சொன்னார். “செரி, லெச்சுமணன் எங்கயும் போயிர மாட்டான்” என்று அத்தை தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் அவர்கள் கீழே இறங்கினார்கள். அம்மாவும் இப்போது குதிரையில். அந்தப் பாதையில் நான் கண்ட கூட்டங்களில் நடை தெரிந்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

போக நினைப்பவர்களுக்கு: பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். பூ நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய, அது மழைக்காலமும்கூட. குதிரை எதிரே வந்தால் ஆற்றுப் பக்கம் ஒதுங்காதீர்கள், மலைப் பக்கம் ஒட்டி நில்லுங்கள். கடை பெஞ்சில் யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் பாராட்ட வேண்டாம், பரிதாபப்படவும் வேண்டாம், நகர்ந்து இடம் கொடுங்கள். உங்கள் திட்டத்தில் ஒரு நாளை ஒன்றும் எழுதாமல் விட்டு வையுங்கள்.